பரீட்சை இரண்டு மணிக்கு, புறப்படுவது எப்போது?

(பாலக்காட்டில் நம் அங்கத்தினர்களின் குழந்தைகளுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சி.ஏ. பரீட்சை எழுதக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு என் ஆசிகள். கல்பாத்தி, நூரணி, சாத்தபுரம் கிராமங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஒரு பக்கம், மூணாறு, மறையூர், குமுளியிலிருந்து நேற்றே இறங்கி வந்தவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் இன்று பேசுவதில் பெரும்பாலானது அந்த இரண்டாவது பக்கத்துக்கு. முதல் பக்கத்துக்காரர்களும் கேளுங்கள், உங்களிடம் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

பாடத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு உங்கள் வாத்தியார்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த விஷயம் பரீட்சை நாள். காலையில் கண் விழிப்பதிலிருந்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் வரை என்ன செய்வது, என்ன செய்யாமல் இருப்பது. இன்ஸ்டிட்யூட் சார்பில் சில வருஷங்கள் பரீட்சை மையங்களுக்கு அப்சர்வராகப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு தடவை மணி 2.40 இருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு பெண், கூடவே அவள் அப்பா. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மறையூர்ப் பக்கத்திலிருந்து உடுமலைப்பேட்டை வழியாக வந்தவர்கள். சின்னாறுக்கு முன்னால் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. அதை வெட்டி எடுக்க இரண்டு மணி நேரம். அதற்குள் உடுமலைப்பேட்டையில் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது. பரீட்சை தொடங்கி அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. அதை மாற்ற எனக்கோ சூப்பரிண்டெண்டுக்கோ அதிகாரம் கிடையாது. அந்தப் பெண் அழவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கால்குலேட்டரை உறையிலிருந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தாள். அப்பாதான் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "காலம்பற ஆறு மணிக்கே புறப்பட்டோமே சார்."

அவர் சொன்னது வாஸ்தவம். பாலக்காட்டுக்காரருக்கு ஆறு மணி என்பது ரொம்ப சீக்கிரம். மலையில் இருப்பவருக்கு அது ரொம்பத் தாமதம். மலையிலிருந்து வருகிறவர் பரீட்சைக்குப் புறப்பட வேண்டியது முந்தின நாள் காலையில். முடிந்தால் அதற்கும் ஒரு நாள் முன்னால்.

இடுக்கி ஜில்லாவில் ரயிலே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் இறங்கினாலும் ரோடுதான். மூணாறிலிருந்து எர்ணாகுளம் சுமார் 130 கிலோமீட்டர். குமுளியிலிருந்து கோட்டயம் 110 கிலோமீட்டர் போல. மதுரைக்குப் போகிறவர்கள் பூப்பாறை, போடிமெட்டு வழியாக 17 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போடிக்குப் போகலாம். 2023 ஜூனிலிருந்து போடியில் மறுபடி ரயில் ஓடுகிறது, அது ஒரு சௌகரியம். மறையூர்க்காரர்களுக்கு உடுமலைப்பேட்டை, அங்கிருந்து கோயம்புத்தூரோ பாலக்காடோ.

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் நாலைந்து மணி நேரம்தான். ஆனால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் போய் மூணாறும் மறையூரும் துண்டிக்கப்பட்டதை அங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019, 2020 வருஷங்களில் கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மண் சரியாத நாளில் படையப்பா வந்து நிற்பான். சினிமாப் படையப்பா இல்லை, மூணாறுக் கொம்பன். அவன் ரோட்டில் நின்றால் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸும் நிற்கும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் நிற்கும். யானைக்கு ஹால் டிக்கெட்டைக் காட்டி வழி கேட்க முடியாது.

முன்பு சி.ஏ. பரீட்சை மே, நவம்பர் என்று இரண்டு தடவை. நவம்பர் பரீட்சை கல்பாத்தி ரதோத்ஸவத்தோடு வந்து மோதும். வாசலில் தேர், உள்ளே அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு என்று எத்தனை பிள்ளைகள் தவித்திருக்கிறார்கள்! இப்போது மூன்று தடவை. ஃபௌண்டேஷனும் இண்டர்மீடியட்டும் 2024-லும், ஃபைனல் 2025-லும் அப்படி மாறின. ஃபைனல் எழுதுகிறவர்களுக்கு ஜனவரி, மே, செப்டம்பர். தேரை நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் அதனதன் தொந்தரவு உண்டு.

ஜனவரியில் மலையில் பனி மூட்டம். சபரிமலை மகரவிளக்குச் சமயம் வேறு. குமுளியிலிருந்து கோட்டயம் இறங்கும் வழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசையாக நிற்கும். மே மாதம் ஊட்டிக்கு இடமில்லாதவர்களெல்லாம் மூணாறுக்கு வந்துவிடுவார்கள், ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகலாம். செப்டம்பரில் மழை முழுசாக விட்டிருக்காது, ஓணக் கூட்டமும் சில வருஷம் சேர்ந்துகொள்ளும், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஆகையால் போன தடவை எத்தனை மணி நேரத்தில் வந்தோம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த மாதத்தில், அந்தக் கிழமையில் எவ்வளவு ஆகும் என்று டிரைவர்களைக் கேளுங்கள்.

சமவெளியும் அப்படி ஒன்றும் சாது இல்லை. பாலக்காட்டிலிருந்து திருச்சூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் குதிரான் குகைப்பாதை 2021-ல் திறந்த பிறகு ஒரு பெரிய தலைவலி தீர்ந்தது. ஆனால் அதே நெடுஞ்சாலையில் திருச்சூருக்கு அப்பால் எவ்வளவு நெரிசல் என்றால், 2025 ஆகஸ்டில் ஹைகோர்ட்டே பாலியக்கரையில் டோல் வசூலிப்பதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. இன்னொரு சின்ன விஷயம், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு. பாலக்காட்டில் இரண்டு ஸ்டேஷன். ஜங்ஷன் என்பது ஒலவக்கோட்டில் இருக்கிறது. டவுன் ஸ்டேஷன் வேறு. "பாலக்காடு ஸ்டேஷனில் நிற்கிறேன்" என்று போன் பண்ணிவிட்டு மாமா ஒரு இடத்திலும் மருமான் ஒரு இடத்திலும் காத்திருந்த கதை நிறைய உண்டு.

ஹர்த்தால் பற்றியும் சொல்ல வேண்டும். 7 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று கேரள ஹைகோர்ட் 2019 ஜனவரியில் உத்தரவு போட்டது. அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். முந்தின ராத்திரி டி.வி.யில் செய்தி பார்க்கும் வேலையை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பார்க்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், இன்ஸ்டிட்யூட்டின் வெப்சைட். 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் ஏற்பட்டபோது, மே 9 முதல் 14 வரை இருந்த பேப்பர்களைத் தள்ளிவைத்து, பிறகு 16-லிருந்து 24-க்குள் நடத்தினார்கள். 2020-ல் மே பரீட்சை கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நவம்பரோடு சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் 'பரீட்சை ரத்து' செய்தியை நம்பிப் பெட்டியைக் கட்டுகிறவர்களும் உண்டு, நிஜமாகவே தள்ளிவைத்தது தெரியாமல் மையத்துக்குப் போய் நிற்பவர்களும் உண்டு. முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, வெப்சைட்டில் மட்டும் பாருங்கள்.

கூட வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 மே 6-ஆம் தேதி நீட் பரீட்சைக்குத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் ஏராளமான பேருக்குக் கேரளத்திலும் அதற்கும் அப்பாலும் மையம் போட்டிருந்தார்கள். திருவாரூர் ஜில்லாவிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பிள்ளையை அழைத்துவந்த ஒரு தகப்பனார், பிள்ளை உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் காலமானார். பிள்ளை வெளியே வந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அன்று கேரள அரசும் அங்குள்ள தமிழ் அன்பர்களும் ஸ்டேஷனிலேயே உதவிக்கு ஆள் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் நடந்தது. நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து, காபிகூடக் குடிக்காமல், கேட்டுக்கு வெளியே வெயிலில் மூன்று மணி நேரம் நிற்பது அப்பாவுக்கும் பரீட்சைதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கேட்டில் விட்டுவிட்டு நிழலில் போய் உட்காருங்கள், சாப்பிடுங்கள். நீட் எழுதும் குழந்தைகள் இங்கே இருந்தால் இன்னொன்று: அங்கே 1.30 மணிக்கே கேட்டை மூடிவிடுவார்கள். சி.ஏ.யில் உள்ள அந்த அரை மணிச் சலுகைகூடக் கிடையாது.

இனி முந்தின நாள். மையம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று ஹால் டிக்கெட்டில் இருக்கும். சாயங்காலம் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். கூகுள் மேப்பில் பார்ப்பது போதாது. ஒரே பேரில் இரண்டு பள்ளிக்கூடம் உள்ள ஊர்கள் இருக்கின்றன. எந்த கேட் திறக்கும், ஆட்டோ எங்கே நிற்கும், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை உண்டா, இதெல்லாம் பார்த்து வாருங்கள். ஹால் டிக்கெட் இரண்டு பிரதி, அடையாள அட்டை, ஒரே மாதிரிப் பேனா நாலைந்து, தண்ணீர் பாட்டில், சாதாரண முள் கடிகாரம். ஸ்மார்ட் வாட்சும் செல்போனும் உள்ளே கூடாது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. கால்குலேட்டரில் 6 செயல், 12 இலக்கம், 2 மெமரிக்கு மேல் கூடாது என்று விதி. அதற்காகப் புதிசாக வாங்காதீர்கள். ஒரு வருஷமாகக் கை பழகின கால்குலேட்டர்தான் வேண்டும். புதிய பாட்டரி மட்டும் போடுங்கள். ஹால் டிக்கெட்டின் பின்னால் உள்ள விதிமுறைகளை முழுசாகப் படிக்கும் பிள்ளைகள் ரொம்பக் குறைவு. அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

பரீட்சை இரண்டு மணிக்கு என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலை முழுவதும் கையில் இருக்கிறது. அதில் புதிசாக எதையாவது படித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். நீங்களே எழுதி வைத்த குறிப்புகளை மட்டும் பத்து மணி வரை புரட்டுங்கள். பிறகு மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து எழுத வந்து, நாலு மணிக்கு விடைத்தாள் மேலேயே தலை சாய்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு நமக்கெல்லாம் கண் செருகும். தூக்கம் பாக்கி இருந்தால் அதை அந்த நேரம் வட்டியோடு வசூலிக்கும்.

மாமிகளே, சாப்பாடு உங்கள் இலாகா. பிள்ளைக்குப் பரீட்சை என்று பாயசம், பப்படத்தோடு சத்யை போட வேண்டாம். பதினொன்றரை மணிக்கு ரசம் சாதம், ஒரு மொளகூட்டல், மோர் சாதம் போதும். வயிறு முக்கால்வாசி நிறைந்தால் சரி. அன்று புது ஹோட்டலில் சாப்பிட வைக்காதீர்கள். மலையிலிருந்து மே மாதம் வரும் குழந்தைகளுக்குப் பாலக்காட்டு வெயில் பழக்கமில்லை. இங்கே 40 டிகிரியைத் தொடும், மூணாறில் அப்போதும் கம்பளி வேண்டியிருக்கும். இரண்டு நாள் முன்னால் வரச் சொல்வதற்கு இதுவும் காரணம். உப்புப் போட்ட மோர் நிறையக் கொடுங்கள்.

ராகு காலம் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை 1.30 முதல் 3 வரை ராகு காலம். அன்று பரீட்சை வந்தால் கேள்வித்தாள் கையில் வாங்குவதே ராகு காலத்தில்தான். இந்தியா முழுவதும் எழுதுகிற எல்லோருக்கும் அதே ராகு காலம், அதில் பாஸ் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். புதன்கிழமை 12 முதல் 1.30 வரை. அதற்காகப் பிள்ளையை 1.31 வரை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் நம் பெரியவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பரஸ்தானம் எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். பெருமாளுக்கும் பாட்டிக்கும் ஒரு நமஸ்காரம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் "நம்ம திருநெல்லாயி டி.என். சேஷன் எப்படிப் படிச்சார் தெரியுமா" என்று அத்திம்பேர் ஆரம்பித்தால், அவரைச் சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஹாலுக்குள் போனதும் ரோல் நம்பர் பார்த்து உட்காருங்கள். மேஜை ஆடினால் அப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். எழுத ஆரம்பித்த பிறகு சொன்னால் உங்கள் நேரம்தான் போகும். ஃபேனுக்கு நேர் கீழே என்றால் ஓ.எம்.ஆர். தாள் பறக்கும், அதன் மேல் ஹால் டிக்கெட்டை வையுங்கள். 1.45 மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். அந்த 15 நிமிஷம் படிக்க மட்டும். எந்தக் கேள்வியை விடுவது என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். (ஃபௌண்டேஷனில் கொள்குறிக் கேள்விகள் மட்டும் உள்ள இரண்டு பேப்பருக்கு இந்த 15 நிமிஷம் கிடையாது. தப்பு விடைக்குக் கால் மார்க்கும் போகும்.)

ஒரு சின்னக் கணக்கு. 100 மார்க்குக்கு 180 நிமிஷம். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிஷம். 14 மார்க் கேள்விக்கு 25 நிமிஷம், ஐந்து கேள்விக்கு 125. கொள்குறிக் கேள்விகள் 30 மார்க்குக்கு 45 நிமிஷம் வைத்தால் மொத்தம் 170. பத்து நிமிஷம் மீதி. அந்தப் பத்து நிமிஷம் கேள்வி எண் சரியாகப் போட்டிருக்கிறோமா, ஓ.எம்.ஆரில் வட்டம் விட்டுப்போச்சா என்று பார்க்க. 25 நிமிஷம் ஆயிற்று, பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒர்க்கிங் நோட்ஸ் தெளிவாக இருந்தால் வழிமுறைக்கு மார்க் உண்டு. அந்த ஒன்றரை லட்சம் வித்தியாசத்தைத் தேடி முக்கால் மணி நேரம் செலவு செய்து, தெரிந்த கேள்வி இரண்டை எழுதாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

முதல் பேப்பர் சரியாக எழுதவில்லை என்று மற்றதற்குப் போகாமல் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மலையிலிருந்து வரும் குழந்தைகளிடம் இது அதிகம். தங்கும் செலவு, அப்பாவின் சம்பள இழப்பு, இதெல்லாம் மனசில் ஓடும். கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவிகிதம். மூன்று பேப்பர், 300 மார்க், வேண்டியது 150. முதல் பேப்பரில் 41 தான் வரும் என்றாலும் மற்ற இரண்டில் 109 எடுத்தால் போதும், சராசரி 55 கூட இல்லை. முதல் பேப்பர் தேறவே தேறாது என்றாலும், மற்றதில் 60 எடுத்தால் அந்தப் பேப்பருக்கு விலக்குக் கிடைக்கும். அடுத்த தடவை மலை இறங்கி வரும்போது சுமை குறையும். ஆகையால் வெளியே வந்ததும் "எத்தனை கேள்வி எழுதினே, விடை என்ன போட்டே" என்று யாரும் கேட்காதீர்கள். "பசிக்கிறதா" என்று கேளுங்கள். ஃபைனல் ஆறாவது பேப்பர் மட்டும் நாலு மணி நேரம், ஆறு மணிக்குத்தான் முடியும். அன்று அதோடு மலைப் பாதையில் பஸ் ஏற வேண்டாம். அந்தி நேரம் யானைகளின் நேரம்.

இப்போது அந்த வேண்டுகோள். பேப்பர்கள் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதால் இரண்டு குரூப்பும் எழுத இரண்டு வாரம் ஊரில் தங்க வேண்டும். லாட்ஜில் அப்பாவும் பெண்ணும் இரண்டு வாரம் என்றால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சத்தம், சாப்பாடு எல்லாம் வேறு. பாலக்காடு, கோயம்புத்தூர், எர்ணாகுளம், கோட்டயம், மதுரையில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் வீட்டில், பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று அநேகமாக இருக்கும். மலையிலிருந்து வரும் குழந்தைக்கு அந்த அறையை இரண்டு வாரம் கொடுங்கள். எந்த சமூகத்துக் குழந்தை என்று பார்க்க வேண்டாம். எஸ்டேட் லயத்திலிருந்து முதல் தலைமுறையாக இந்தப் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மேஜை, ஒரு ஃபேன், இரண்டு வேளை சாதம் போதும்.

எந்த ஊரில் எழுதுவது என்பதை விண்ணப்பம் போடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அது பரீட்சைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். பிறகு திருத்திக்கொள்ளச் சில நாள் அவகாசம் தருவார்கள், அவ்வளவுதான். அதனால் அறை கொடுக்க முடிகிறவர்கள் பேரையும் ஊரையும் உங்கள் கிளைச் செயலாளரிடம் இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் அதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்றைக்கே கொடுக்க நினைப்பவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது.